இலையின் இடது ஓரத்தில்தான் உப்பு இருந்தது: ஸ்ட்ரோக் வந்தவருக்கு மூளைப்பயிற்சி ஆப் உதவுமா?

தக்கலை கடைப்பிள்ளை | ஞாயிறு இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு வயது 64. தக்கலைப் பக்கம் முப்பது வருடமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். நாலு மாதத்துக்கு முன்னால் ஸ்ட்ரோக் வந்தது. மூளையின் வலது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பிசியோ புண்ணியத்தில் இப்போது கம்பு ஊன்றி முற்றத்தில் நடக்கிறார். பேச்சு சுத்தம். பழைய கதையெல்லாம் தேதியோடு சொல்கிறார். "ஆளு தப்பிச்சாச்சு" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

போன மாதம் சித்தப்பா மகள் கல்யாணம். பந்தியில் அப்பா பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். நாலு வாய் சாப்பிட்டவர், "லேய், உப்பு வைக்க மறந்துட்டானுவ பாரு" என்றார். உப்பு இருந்தது. இலையின் இடது நுனியில், இஞ்சிப் பச்சடிக்கும் உப்பேரிக்கும் பக்கத்தில், எப்போதும் வைக்கிற இடத்தில்தான் இருந்தது. நான் விரலால் காட்டினேன். அவர் என் விரலைத் தேடினார். சாப்பிட்டு முடித்தபோது ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல இலையின் வலது பாதி காலி, இடது பாதி அப்படியே இருந்தது. எனக்கு என்னவோ தோன்றி, இலையை அப்படியே அரைவட்டம் சுற்றி வைத்தேன். "இது எப்ப வச்சாவ?" என்று கேட்டுவிட்டு, மிச்சத்தையும் சாப்பிட்டார்.

அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. ஷேவ் செய்தால் இடது கன்னத்தில் தாடி அப்படியே நிற்கும். நாகர்கோவில் பஸ் வந்தால் போர்டைப் பார்த்து "கோவில்" என்று வாசிக்கிறார், எந்தக் கோவில் என்று என்னிடமே கேட்கிறார். 1450 ரூபாய் பில் அவருக்கு 450. கணக்குத் தெரியாமல் இல்லை, 450ஐ வைத்து மனக்கணக்கு கச்சிதமாகப் போடுகிறார். கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போய் 4,500 ரூபாய்க்குக் கண்ணாடியும் வாங்கியாகிவிட்டது. ஒரு மாற்றமும் இல்லை.

டிஸ்சார்ஜ் சீட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. எந்த மருத்துவமனை என்று சொல்ல விரும்பவில்லை, உயிரைக் காப்பாற்றியது அவர்கள்தான்.

இப்போது துபாயில் இருக்கும் அத்தான் ஒரு மூளைப்பயிற்சி ஆப் அனுப்பி, வருடச் சந்தா ஏழாயிரத்துச் சொச்சம் தானே கட்டுகிறேன் என்கிறார். படங்களை ஜோடி சேர்ப்பது, எண்களை ஞாபகம் வைப்பது, இப்படி விளையாட்டுகள். கட்டலாமா? யாராவது வீட்டில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறீர்களா?

தினமும் ரயில் | ஞாயிறு இரவு 10.15

யோசிக்காமல் வாங்குங்கள் அண்ணே. மூளையும் தசை மாதிரிதான், வேலை கொடுத்தால் வளரும். நியூரோபிளாஸ்டிசிட்டி என்று தேடிப் பாருங்கள். என் பெரியம்மா ஸ்ட்ரோக் வந்த பிறகு டேப்லெட்டில் இப்படித்தான் விளையாடினார்கள். மூன்று மாதத்தில் லெவல் 4இலிருந்து லெவல் 31. எங்கள் வீட்டில் யாராலும் அந்த லெவலைத் தொட முடியவில்லை.

காற்றாலை | ஞாயிறு இரவு 10.52

ரயில் தம்பி, லெவல் 31 வந்த பெரியம்மா இப்போது அடுப்பை மறக்காமல் அணைக்கிறார்களா? கிண்டலுக்குக் கேட்கவில்லை, இந்த விஷயத்தின் முடிச்சே அந்தக் கேள்விதான்.

2010இல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. பி.பி.சி. தொலைக்காட்சி மூலம் ஆள் சேர்த்து, 11,430 பேரை ஆறு வாரம் கணினியில் மூளைப்பயிற்சி செய்ய வைத்தார்கள். எந்த விளையாட்டில் பழகினார்களோ அதில் எல்லாரும் முன்னேறினார்கள். பழகாத வேறு சோதனையைக் கொடுத்தபோது, அந்தப் பழக்கம் அங்கே கைகொடுக்கவில்லை. தாயம் ஆடி ஆடித் தாயத்தில் கெட்டிக்காரன் ஆகலாம், அதனால் ரேஷன் கார்டு வைத்த இடம் ஞாபகம் வந்துவிடாது.

இன்னொன்று. லுமோசிட்டி என்று பெரிய பெயர் எடுத்த ஒரு ஆப் உண்டு. ஸ்ட்ரோக்கால் வந்த மூளைக் குறைபாட்டுக்கும் உதவும் என்பது உட்பட, ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்ததாக அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு ஆணையம் அந்த நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. 2016 ஜனவரியில் 20 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். ஏழாயிரத்தை எடுத்து வைக்கும் முன் இதையும் அத்தானுக்கு அனுப்புங்கள்.

தினமும் ரயில் | ஞாயிறு இரவு 11.05

அடுப்பை இப்போதும் நாங்கள்தான் அணைக்கிறோம். சரி, அடி விழுந்தது. ஆனால் அந்த 11 ஆயிரம் பேரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்கள்தானே? அடிபட்ட மூளைக்கு அதை எப்படி அப்படியே பொருத்துவது?

எல்லை தாண்டும் ஓ.டி. | திங்கள் காலை 6.20

ரயில் தம்பி கேட்டது நல்ல கேள்வி, அதற்கு வருகிறேன். முதலில் கடைப்பிள்ளைக்கு.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (ஓ.டி.), அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிறவள். வீடு கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம். நீங்கள் எழுதியதை வாசித்தபோது பாடப்புத்தகத்தை எடுத்து வாசித்த மாதிரி இருந்தது. அப்பாவுக்கு இருப்பது நெக்லெக்ட், அதாவது இடப்பக்கப் புறக்கணிப்பு என்றே தோன்றுகிறது. நேரில் பார்க்காமல் உறுதி சொல்லக் கூடாது. வலது மூளையில் அடிபட்டவர்களிடம் அடிக்கடி காண்பதுதான். கண் இடது பக்கத்தைப் பார்க்கிறது, ஆனால் மூளை அந்தப் பக்கத்தை ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. கண்ணாடி மாற்றிப் பிரயோஜனம் இல்லாததற்குக் காரணம் அதுதான். பாதிப் பார்வையே போய்விடுகிற இன்னொரு நிலையும் உண்டு. அப்படிப்பட்டவர், தெரியவில்லை என்று உணர்ந்து தலையைத் திருப்பித் தேடுவார். நெக்லெக்ட் உள்ளவர் தேடமாட்டார். ஒன்று குறைகிறது என்றே அவருக்குத் தோன்றாது. சில சமயம் இரண்டும் சேர்ந்தே இருக்கும், அதை நரம்பியல் மருத்துவர் பிரித்துச் சொல்லவேண்டும்.

வீட்டில் ஒரு வெள்ளைத்தாளில் நீளமாக ஒரு கோடு போட்டு, அதன் நடுவில் பேனாவால் குறுக்கே வெட்டச் சொல்லுங்கள். வலது பக்கமாகத் தள்ளி வெட்டுவார். வட்டம் வரைந்து கடிகார எண்களைப் போடச் சொல்லுங்கள். பன்னிரண்டையும் வலது பாதியிலேயே நெருக்கி அடைத்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். இது விளையாட்டுச் சோதனை அல்ல, நாங்களும் இதைத்தான் செய்கிறோம்.

இன்னொரு விஷயம் சொல்கிறேன். 1978இல் பிசியாக், லுசாட்டி என்ற இரண்டு இத்தாலிய ஆய்வாளர்கள், மிலான் நகரத்து நெக்லெக்ட் நோயாளிகளிடம் ஊரின் பேராலயச் சதுக்கத்தை மனதில் நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஆலயத்தைப் பார்த்தபடி நிற்பதாக நினைத்தபோது வலது பக்கக் கட்டடங்களை மட்டும் சொன்னார்கள். எதிர் முனையிலிருந்து, ஆலயப் படியில் நின்று பார்ப்பதாக நினைக்கச் சொன்னதும், முதலில் விட்ட கட்டடங்களெல்லாம் வந்துவிட்டன, முதலில் சொன்னவை காணாமல் போயின. ஞாபகம் அழியவில்லை பாருங்கள். மனதுக்குள்ளும் இடது பக்கம் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது ரயில் தம்பிக்கு. ஸ்ட்ரோக் வந்தவர்களை வைத்தே நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். கவனப் பயிற்சியால் பயிற்சி முடிந்த கையோடு ஒரே நேரத்தில் இரண்டு வேலையைக் கவனிக்கும் திறன் கொஞ்சம் கூடுகிறது, ஆனால் அது நீடிக்கிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை. ஞாபகப் பயிற்சியும் ஏறக்குறைய அதே கதைதான். அதற்காக ஆப் விஷம் என்று சொல்லமாட்டேன். 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. யோசித்து விடை காண்பது, வேகமாகப் பார்த்துப் புரிந்துகொள்வது, இந்த இரண்டிலும் பயிற்சி எடுத்தவர்களுக்குப் பத்து வருடம் கழித்தும் அந்தத் திறன் நின்றது. ஞாபகப் பயிற்சி அப்படி நிற்கவில்லை. அவர்கள் ஸ்ட்ரோக் நோயாளிகள் அல்ல என்பதும் உண்மை.

நான் சொல்வது ஒன்றுதான். எந்த இடத்தில் ஓட்டை என்று பார்த்துவிட்டு அடையுங்கள். உங்கள் அப்பாவுக்கு ஞாபகத்தில் குறை இல்லை. ஞாபக விளையாட்டு எதற்கு? அவருக்கு வேண்டியது இடது பக்கம் தேடிப் பழகுவது. அதை அவருடைய கடைக் கணக்குப் புத்தகத்தில் பழகட்டும். பக்கத்தின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை தடிமனாகச் சிவப்புக் கோடு போடுங்கள். எந்த வரியை வாசித்தாலும் முதலில் சிவப்பைக் கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம்தான் எண். சிவப்பு கண்ணில் படாவிட்டால் வரி இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம். தட்டுக்கும் அப்படியே, இடது விளிம்பில் சிவப்பு டேப். நீங்கள் இலையைச் சுற்றி வைத்தது அன்றைக்குப் பசிக்குச் சரி. ஆனால் தினமும் நீங்களே சுற்றினால் அவர் தலையைத் திருப்பப் பழகமாட்டார்.

பார்ப்பதை ஒரு பக்கமாகத் தள்ளிக் காட்டும் பிரிசம் கண்ணாடி போட்டுச் செய்யும் ஒரு பயிற்சியும் உண்டு, 1998 முதல் பேசப்படுகிறது. அதைத் தெரிந்த ஆள் இல்லாமல் வீட்டில் முயல வேண்டாம்.

ரோட்டைத் தனியாகக் கடக்க விடாதீர்கள். இதைத் தலைப்பிலேயே எழுதியிருக்க வேண்டும்.

தக்கலை கடைப்பிள்ளை | திங்கள் இரவு 8.30

அக்கா, கை நடுங்குகிறது. நீங்கள் மிலான் கதை சொன்னீர்கள் அல்லவா? சாயந்தரம் அப்பாவிடம், "வீட்டுல இருந்து ஜங்ஷன் வரைக்கும் நடந்து போறதா நெனைச்சு, வழியில என்னெல்லாம் இருக்குன்னு சொல்லுங்க" என்றேன். தையல் கடை, சைக்கிள் கடை, வேதக்கோவில், ஆட்டோ ஸ்டாண்டு. நிறுத்திவிட்டார். அவ்வளவும் வலது பக்கம். எங்கள் கடையே இடது பக்கம்தான் இருக்கிறது. முப்பது வருடம் ஷட்டர் தூக்கிய கடையைச் சொல்லவில்லை.

"சரி, இப்ப ஜங்ஷன்ல இருந்து வீட்டுக்கு வாறீங்க" என்றேன். முதலில் வந்தது எங்கள் கடை. அப்புறம் மர டெப்போ, ரப்பர் ஷீட் எடுக்கிறவர் குடோன், மருந்துக்கடை. வேதக்கோவில் போன இடம் தெரியவில்லை.

அம்மா சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா மறதியில் பேசுகிறார், பிடிவாதம் பிடிக்கிறார் என்று நாலு மாதமாக அவரோடு சண்டை போட்டவள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

குளச்சல் மருமகள் | திங்கள் இரவு 9.10

அப்பாவுக்குப் பேச்சு இருக்கிறதே, அதற்கே கும்பிடு போடுங்கள் தம்பி. எங்கள் மாமனாருக்கு இடது மூளையில் அடி. வள்ளத்தில் நாற்பது வருடம் போனவர். ஸ்ட்ரோக் வந்த அன்றிலிருந்து வாயில் வருவது "அதாக்கும், அதாக்கும்" என்ற ஒரே வார்த்தை. சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரியும், திருப்பிச் சொல்லத்தான் வராது. அஃபேசியா என்று பெயர் என்பதே ஐந்து மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியும். அதுவரை பக்கத்து வீட்டில் "புத்தி பேதலிச்சு போச்சு" என்றுதான் பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கூட்டிப் போனோம். பாட்டு ஆரம்பித்ததும் மாமா பாடினார். வார்த்தை பிசகாமல் மூன்று சரணம். பூசை முடிந்து வெளியே வந்து "என்ன பாட்டு பாடுனீங்க மாமா?" என்றால், "அதாக்கும்." நானும் மாமியும் வாசலில் உட்கார்ந்து அழுதோம், சிரிக்கவும் செய்தோம்.

பேச்சுப் பயிற்சிக்குத் திருவனந்தபுரம் போனோம். அந்தப் பெண் நல்ல பெண், ஆனால் மலையாளம்தான் பேசுவாள். படம் காட்டி "இது எந்தா?" என்றால் மாமா என்னைப் பார்ப்பார். மலையாளம் அவருக்குத் தெரியும், மீன் விற்கிற மலையாளம். ஆப்பிள் படத்தையும் ஒட்டகப் படத்தையும் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அப்புறம் அவளே சொன்னாள், "சேச்சி, இவருக்கு வேண்டிய வார்த்தையை நீங்கள் எழுதிக் கொண்டுவாருங்கள்." நானும் மாமியும் உட்கார்ந்து நாற்பது வார்த்தை எழுதினோம். சாளை, அயிலை, நெத்திலி, சூரை, வலை, துடுப்பு, மாமியின் பெயர், பேரப்பிள்ளைகள் பெயர், வெள்ளம் (தண்ணீர்), சாயா, வலிக்குது, வேண்டாம்.

தினமும் சாயந்தரம் மீன் வாங்கும்போது அவரையும் கூட்டிப் போகிறேன். மீனைக் கையில் கொடுத்து, வாயைத் திறக்காமல் பத்து வரை மனதில் எண்ணுவேன். கஷ்டம் என்னவென்றால் அந்தப் பத்து எண்ணுவதுதான், மீன்காரி முதற்கொண்டு எல்லாரும் விடையைச் சொல்லிவிடுவார்கள்! வரவில்லை என்றால் முதல் எழுத்தை மட்டும் கொடுப்பேன். "அ..." என்றால் "அயிலை" என்று வந்துவிடும். இப்போது பதினெட்டு வார்த்தை எழுத்துக் கொடுக்காமலே வருகிறது. நாற்பதில் பதினெட்டு, ஒரு வருடத்தில். குறைவு என்பவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு நாள் இருக்கட்டும்.

எல்லை தாண்டும் ஓ.டி. | செவ்வாய் காலை 6.05

மருமகளே, நீங்கள் செய்வதைத்தான் படித்துப் பட்டம் வாங்கியவர்களும் செய்கிறார்கள். பாட்டு விஷயத்தைப் பயிற்சியாகவே மாற்றியவர்கள் உண்டு. 1973இல் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் மூன்று பேரும், சொல்லவேண்டிய வாக்கியத்தை ராகம்போல இழுத்து, இடது கையால் தாளம் தட்டிச் சொல்ல வைக்கும் முறையை எழுதினார்கள். முழுப்பாட்டு வந்தாலே பேச்சு வந்துவிடும் என்பதல்ல. "வெள்ளம் வேணும்" என்பதைப் பாட்டுபோலச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டை உருவிவிட்டுப் பேச்சை மட்டும் மிச்சம் வைக்கவேண்டும். உங்கள் ஸ்பீச் தெரபிஸ்டிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆறு மாதம் தாண்டினால் அவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் மூன்று மாதத்தில் வேகம் அதிகம் என்பது சரி. ஆனால் ஸ்ட்ரோக் வந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆன அஃபேசியாக்காரர்களுக்கு, வாரம் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று வாரம் பேச்சுப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஜெர்மன் ஆய்வு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அன்றாடப் பேச்சில் முன்னேற்றம் இருந்தது. வாரத்துக்கு அரை மணி நேரம் போய் வருவதைப் பயிற்சி என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

ஆசான் வீட்டுப் பேரன் | செவ்வாய் மதியம் 1.15

நம்ம மாவட்டத்தில் வர்ம ஆசான்கள் இருக்கும்போது எல்லையைத் தாண்டி ஓடுவது ஏன் என்று புரியவில்லை. எண்ணெய்த் தடவலும் வல்லாரையும் இருந்தால் ஆப்பும் வேண்டாம், டேப்பும் வேண்டாம்.

காற்றாலை | செவ்வாய் மதியம் 1.40

தடவலுக்குப் போகிறவர் போகட்டும், பிரஷர் மாத்திரையையும் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையையும் நிறுத்தாமல் போகட்டும். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்று ஆசானிடம் முதலிலேயே சொல்லிவிடவும் வேண்டும். நிறுத்திவிட்டு இரண்டாவது ஸ்ட்ரோக்கோடு திரும்பி வந்த ஒருவர் என் சொந்தத்திலேயே உண்டு. வேறு இழை தொடங்கிச் சண்டை போடுவோம் ஓய், இங்கே வேண்டாம்.

ஒற்றைக் கை | புதன் அதிகாலை 4.50

இதுவரை எல்லாரும் அப்பாவைப் பற்றியும் மாமனாரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த அப்பா. வயது 57, அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் ஸ்ட்ரோக். இதை இடது கை ஒரு விரலால் டைப் செய்கிறேன், மூன்று தடவையாக. நடுவில் படுத்து எழுந்தேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஏன் எங்களுக்குப் பரீட்சை வைக்கிறீர்கள்? "மாமா, நான் யாரு சொல்லுங்க பாப்போம்?" "இன்னைக்கு என்ன கிழமை?" என் மைத்துனரின் நண்பர், அவரை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை, என்னிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்டார். முப்பத்தோரு வருடம் ஃபைல் பார்த்தவனிடம். பதில் தெரியாததைவிட, தெரிந்து சொன்னதும் எல்லாரும் கை தட்டுவது இன்னும் மோசம்.

எனக்குக் கவனமும் ஞாபகமும்தான் பிரச்சினை. டி.வி. ஓடும்போது நீங்கள் பேசினால் இரண்டும் ஒன்றாகக் குழைந்துவிடும், மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் போல, பிரித்து எடுக்க முடியாது. பத்து நிமிடம் கூர்ந்து கேட்டால் ஒரு நாள் ரப்பர் பால் வெட்டப் போனவன் மாதிரி அசதி. அது சோம்பல் என்று வீட்டில் நினைத்தார்கள். முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன், சாகலாம் என்றும் நினைத்தேன். ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்று பிறகு மருத்துவர் சொன்னார். மாத்திரை கொடுத்தார். மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் எனக்கு ஞாபகமே கொஞ்சம் திரும்பியது. இதை யாரும் ஏன் இன்னும் எழுதவில்லை?

ஆப் நானும் வாங்கினேன். எட்டு மாதம் விளையாடினேன். ஆப்பில் நல்ல மார்க். மருந்து சாப்பிட்டேனா என்பது மட்டும் ஞாபகம் இருக்காது. இப்போது கழுத்தில் கயிறு கட்டிய ஒரு சின்ன நோட்டு. செய்ததும் டிக் போடுவேன். போனில் ஆறு அலாரம், ஒவ்வொன்றுக்கும் மகள் தன் குரலில் பதிந்து வைத்திருக்கிறாள். "அப்பா, அடுப்பு" என்று ஒன்று. இதுவும் ஆராய்ச்சி பார்த்த வழிதான். இங்கிலாந்தில் பார்பரா வில்சன் என்ற அம்மையார், மூளையில் அடிபட்டு மறதி வந்த 143 பேருக்குப் பேஜரில் நினைவூட்டல் அனுப்பிப் பார்த்து 2001இல் எழுதினார். நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் தங்கள் வேலையை முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். ஞாபகம் வளரவில்லை, வேலை நடந்தது. எனக்கு அது போதும்.

காலையில் ஒரு மணி நேரம் பழைய பாட்டுக் கேட்கிறேன். ஹெல்சிங்கியில் 60 ஸ்ட்ரோக் நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2008இல் வந்தது. பிடித்த பாட்டை இரண்டு மாதம் தினமும் கேட்டவர்களுக்கு, ஒலிப்புத்தகம் கேட்டவர்களையும் ஒன்றுமே கேட்காதவர்களையும்விடச் சொல் ஞாபகமும் கவனமும் மேலாக இருந்தன. ஒன்றுமே கேட்காதவர்களைவிட மனச்சோர்வும் குறைவாக இருந்தது. ஒரு ஆய்வுதான், சின்ன ஆய்வுதான். இருந்தாலும் இதற்குச் சந்தா இல்லையே.

தினமும் ரயில் | புதன் காலை 7.30

அண்ணாச்சி, பெரியம்மாவிடம் நாங்களும் தினமும் "நான் யாரு" கேட்டுக்கொண்டிருந்தோம். நேற்று வரை.

குளச்சல் மருமகள் | புதன் காலை 9.00

மீன்காரியிடமும் இதை வாசித்துக் காட்டினேன்.

காற்றாலை | புதன் இரவு 9.25

ஓ.டி. அக்காவுக்கு ஒரு முரட்டுக் கேள்வி. குடும்பமே பயிற்சி கொடுப்பது நல்லது என்று இங்கே எல்லாரும் தலையாட்டுகிறோம். ஆனால் நம் நாட்டிலேயே 14 மருத்துவமனைகளில், 1,250 நோயாளிகளை வைத்து அட்டெண்ட் என்ற ஆய்வு நடந்து 2017இல் லான்செட்டில் வந்ததே? குடும்பத்தில் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்து வீட்டில் பயிற்சி செய்ய வைத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இறந்தவர்களோ பிறரைச் சார்ந்து இருப்பவர்களோ, குடும்பப் பயிற்சி இருந்த பக்கமும் வழக்கமான சிகிச்சை மட்டும் இருந்த பக்கமும் நூற்றுக்கு 47. ஒரு வித்தியாசமும் இல்லை. அப்புறம் சிவப்பு டேப்பை மட்டும் எப்படி நம்புவது?

எல்லை தாண்டும் ஓ.டி. | வியாழன் காலை 6.10

அந்த முடிவு வந்தபோது எங்கள் தொழிலில் பலருக்கு முகம் சுருங்கியது, எனக்கும்தான். மழுப்ப விரும்பவில்லை. அந்த ஆய்வு பார்த்தது மொத்தமாக ஆள் பிறரைச் சார்ந்து இருக்கிறாரா என்பதை. இடது பக்கம் தேடுவது, பெயர் சொல்வது மாதிரி ஒரு தனிக் குறையை மட்டும் எடுத்துப் பார்த்ததல்ல. இருந்தாலும் பாடம் ஒன்று உண்டு. மருமகளையும் மகனையும் உட்கார வைத்து நாலு பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினால் தெரபிஸ்ட் வேலை முடிந்தது என்று அரசாங்கமும் மருத்துவமனைகளும் கணக்கு முடிக்க முடியாது. குடும்பம் கூட நிற்கலாம், தெரபிஸ்டுக்குப் பதிலாக நிற்க முடியாது. சிவப்புக் கோடும் மாத்திரை அல்ல. மூன்று வாரம் பாருங்கள், அவர் தானாகத் தலையைத் திருப்பவில்லை என்றால் முறையை மாற்றவேண்டும், அதற்குத்தான் ஆள் தேவை.

எங்கே போவது என்று மூன்று பேர் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவிலேயே ஆரம்பியுங்கள். போனதும் "ஓ.டி.யும் ஸ்பீச் தெரபியும் எழுதிக் கொடுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காவிட்டால் பிசியோ மட்டும்தான் எழுதுவார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டுக்கே பிசியோ வருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். எல்லையைத் தாண்டினால் திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் இருக்கிறது, பேச்சுக்கு அங்கேயே ஆக்குளத்தில் நிஷ் என்ற பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. குளச்சல் அக்கா, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் நிரந்தரமான அஃபேசியாவும் பேச்சு மொழிக் குறைபாட்டில் சேரும். கை கால் நன்றாக இருக்கிறதே என்று சொல்லி அட்டைக்கு மறுத்தால் அந்த வரியை எடுத்துக் காட்டுங்கள்.

தக்கலை கடைப்பிள்ளை | ஐந்து வாரம் கழித்து, சனி இரவு 10.05

எல்லாருக்கும் நன்றி. பலர் கேட்டதால் எழுதுகிறேன்.

ஆப்புக்குக் கட்டவில்லை. அத்தானுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அந்தப் பணத்தில் வாரம் ஒரு தடவை மார்த்தாண்டத்திலிருந்து ஓ.டி. வீட்டுக்கு வருகிறார். கோடு வெட்டும் சோதனையில் அப்பா நடுவுக்கு நாலு விரல் தள்ளி வெட்டினார், இப்போது ஒரு விரல். கடிகாரத்தில் இன்னும் ஒன்பதும் பத்தும் விட்டுப் போகின்றன.

கணக்குப் புத்தகம் முழுக்க அம்மா சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறாள். முதல் வாரம் அப்பா கோபத்தில் அதைத் தூக்கி எறிந்தார், "நான் என்ன ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையாலே" என்று. ஒற்றைக் கை அண்ணாச்சி எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஏழாம் வாய்ப்பாட்டுக்கு மட்டும் சிரித்தார். மறுநாள் புத்தகத்தை அவரே எடுத்தார்.

போன புதன்கிழமை பிசியோவுக்குப் போய்விட்டு பஸ் ஸ்டாப்பில் நின்றோம். பஸ் வந்தது. "கோவில்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, குளச்சல் அக்கா சொன்ன மாதிரி மனதுக்குள் எண்ணினேன். ஏழு எண்ணும்போது கழுத்து மெதுவாக இடது பக்கம் திரும்பியது. "நாகர்... நாகர்கோவில்" என்றார். அதற்குள் பஸ் எடுத்துவிட்டான். அடுத்ததற்கு வெயிலில் இருபது நிமிடம் நின்றோம்.

காலையில் கடையில் பில் சரியாக வருகிறது. சாயந்தரம் ஆறு மணிக்கு மேல், அசதி வந்துவிட்டால், பழையபடி ஆயிரம் காணாமல் போகிறது. அதனால் சாயந்தரக் கணக்கை அம்மா எடுத்துக்கொண்டாள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் அதில்தான் சண்டை, இப்போதும் உள்ளே நடந்துகொண்டிருக்கிறது.